‘நகையை ராப் பண்ணினார்கள்’ என்பது ஏன் தப்பு? ராப் என்ற வினையின் பொருள், ஆட்சி, வேர்

நொய்யல்கரை:
எல்லாருக்கும் வணக்கமுங்க. தமிழ்ச் செய்தியை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோற வேலையில திரும்பத் திரும்பச் சிக்குற வினைச்சொல் ‘ராப்’. ஆர், ஓ, பி, மூணே எழுத்து.

மாதிரிக்கு ஒரு செய்தி: ‘காங்கயம் அருகே தோட்டத்துச் சாளையில் ஆளில்லாத நேரத்தில் பூட்டை உடைத்து 12 பவுன் நகை கொள்ளை.’ (சாளைன்னா தோட்டத்து வீடுங்க.) இதை ‘ட்வெல்வ் சாவரின்ஸ் ஆஃப் கோல்டு வேர் ராப்டு’ன்னு எழுதினா தப்புங்கிறாங்க. ‘தி ஹவுஸ் வாஸ் ராப்டு’ன்னு எழுதினா சிலர் சரிங்கிறாங்க, சிலர் அதுவும் ஆகாது, ‘பர்கிள்டு’ன்னுதான் வரணும்ங்கிறாங்க. ‘ஸ்டோலன்’னு போட்டா யாரும் குறை சொல்றதில்ல, ஆனா கொள்ளைங்கிற சொல்லோட கனம் போயிருது. அகராதியப் புரட்டினா மூணுக்கும் ‘திருடு, கொள்ளையடி’ன்னுதான் போட்டிருக்குது. எதை எங்க வெக்கறதுன்னு விவரமா யாராச்சும் சொல்லுங்க.

பாரியூரான்:
இலக்கணத்துல இருந்தே பிடிக்கலாமுங்க. ஸ்டீல், ராப் ரெண்டும் ஒரே சம்பவத்தைச் சொன்னாலும், பார்க்கற பக்கம் வேற. ஸ்டீல் பார்க்கறது போன பொருளை. ராப் பார்க்கறது பறிகொடுத்தவரை. அதனால ஸ்டீலுக்குச் செயப்படுபொருளா வர்றது சங்கிலி, ஆடு, கிணத்து மோட்டார் ஒயர், நூல் கோன் மூட்டை. ராப்புக்கு வர்றது ஆள், இல்லைன்னா பறிகொடுத்த இடம்: பாட்டி, லாரி டிரைவர், பேங்க், நகைக்கடை.

நகை பறிகொடுக்காது, நகைக்குச் சொந்தக்காரர்தான் பறிகொடுப்பார். அதனால ‘கோல்டு வாஸ் ராப்டு’ன்னு எழுதினா, தங்கத்துக்கிட்ட இருந்து எதையோ பிடுங்கிட்டாங்கன்னு ஆயிருது.

நாம இடறுறதுக்குக் காரணம் தமிழ்லயே இருக்குது. ‘பாட்டியைத் திருடினான்’னா பாட்டியையே தூக்கிட்டுப் போனதா அர்த்தம், இதுல திருடுவும் ஸ்டீலும் ஒண்ணு. ஆனா ‘கொள்ளையடி’ ரெண்டு பக்கமும் போகும். ‘பணத்தைக் கொள்ளையடித்தான்’ சரி, ‘பேங்கைக் கொள்ளையடித்தான்’ அதுவும் சரி. ராப்புக்குக் கொள்ளையடின்னு பொருள் மனப்பாடம் பண்ணினவங்க, அந்த ரெண்டு பக்க உரிமையையும் சேர்த்தே ராப்புக்குக் குடுத்துடறாங்க. தப்பு வர்ற வழி இதுதான்.

அடுத்தது ‘ஆஃப்’. ‘ஹி ராப்டு ஹர் ஆஃப் ஹர் செயின்.’ முதல்ல ஆள், அப்புறம் ஆஃப், அதுக்கப்புறம் அவங்களை விட்டுப் போன பொருள். இங்க ‘ஃப்ரம்’ வராது. ஸ்டீலுக்கு நேர்மாறு: ‘ஹி ஸ்டோல் எ செயின் ஃப்ரம் ஹர்.’ முதல்ல பொருள், அப்புறம் ஃப்ரம், கடைசியில ஆள். ராப் தனியா இப்படி நிக்கல. டிப்ரைவ், ஸ்ட்ரிப், ரிட், க்யூர்னு ஒரு கூட்டமே இருக்குது. எல்லாமே ‘ஒருத்தரை ஒண்ணிலிருந்து நீக்குற’ வினைகள். க்யூர் நல்லது, ராப் கெட்டது, ஆனா சட்டகம் ஒண்ணுதான்.

செயப்பாட்டு வினையில எழுதறப்பத்தான் தப்பு அதிகம் வருது. ‘ஷி வாஸ் ராப்டு ஆஃப் ஹர் செயின்’, ‘ஹர் செயின் வாஸ் ஸ்டோலன்’ ரெண்டும் சரி. எழுவாய் மனுசரா பொருளான்னு மட்டும் பார்த்தாப் போதும்.

எழுத்துல ஒரு எச்சரிக்கை. இறந்தகாலத்துல பி இரட்டிக்கும். ஒத்தை பி போட்டா ‘ரோப்டு’, அதாவது அங்கி போர்த்தியவர்னு ஆயிரும். தட்டச்சுல சரிபார்க்கற மென்பொருள் இதைப் பிடிக்காது, ஏன்னா அதுவும் நல்ல சொல்தான்.

மஞ்சள்மண்டி:
பாரியூரான் சொன்னது இலக்கணம். சட்டத்தில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மையானது. காவல் நிலையப் புகாரையோ முதல் தகவல் அறிக்கையையோ மொழிபெயர்ப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் பேனாவை எடுக்கக் கூடாது. ஒரு சொல் மாறினால் குற்றமே மாறிவிடும்.

தெஃப்ட் என்பது அடித்தளம். அசையும் பொருள், இன்னொருவர் வசத்திலிருந்து, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு, இடம் பெயர்த்தால் திருட்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 378-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 303.

ராபரி தனிக் குற்றமாக அந்தரத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு ராபரிக்குள்ளும் ஒரு திருட்டாவது, மிரட்டிப் பறிப்பாவது இருந்தே தீர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது (பழைய 390, இப்போது 309). திருட்டோடு எது சேர்ந்தால் ராபரி? திருடுவதற்காகவோ, திருடும்போதோ, திருடிய பொருளை எடுத்துச் செல்லும்போதோ, அந்த நோக்கத்துக்காகவே ஒருவருக்குச் சாவு, காயம், தடுத்து வைத்தல் இவற்றில் ஒன்றை விளைவித்தால், விளைவிக்க முயன்றால், அல்லது அது ‘உடனே இப்போதே’ நேரும் என்று அஞ்ச வைத்தால். ‘உடனே’ என்பது முக்கியம். ‘அடுத்த வாரம் பார்த்துக்கிறேன்’ என்று மிரட்டிப் பணம் வாங்கினால் அது எக்ஸ்டார்ஷன், அதாவது மிரட்டிப் பறிப்பு, 308. கத்தியைக் கழுத்தில் வைத்து அங்கேயே வாங்கினால் அதே எக்ஸ்டார்ஷன் ராபரியாக ஏறிவிடும்.

‘அந்த நோக்கத்துக்காகவே’ என்பதையும் விடக் கூடாது. திருடிய மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, பிடிபடாமல் தப்பிக்க மட்டும் கல்லெறிந்தால் அது திருட்டும் காயம் விளைவித்தலும், ராபரி இல்லை. மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே, அதை விடாமல் இருக்கக் கல்லெறிந்தால் ராபரி.

தண்டனை வித்தியாசத்தைப் பாருங்கள். வெறும் திருட்டுக்கு முதல் தடவை 3 ஆண்டு வரை. ராபரிக்கு 10 ஆண்டு வரை. அதுவே நெடுஞ்சாலையில் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 14 ஆண்டு வரை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் அதன் பெயரே மாறி டக்காய்டி ஆகிவிடும் (பழைய 391, இப்போது 310). நான்கு பேர் என்றால் ராபரி, ஐந்தாவது ஆள் கூட நின்று உதவினாலே டக்காய்டி. ‘கொள்ளையடிக்கத் திட்டம் தீட்டிய 5 பேர் கைது’ என்று செய்திகளில் அடிக்கடி வருகிற அந்த ஐந்து சும்மா வந்த எண் அல்ல.

இப்போது உங்கள் சாளைக்கு வருவோம். ஆளே இல்லை. யாரையும் அடிக்கவில்லை, யாரும் அஞ்சவில்லை. ஆகவே சட்டப்படி அங்கே ராபரி நடக்கவே இல்லை. நடந்தது ஹவுஸ் பிரேக்கிங், அதோடு வீட்டுக்குள் திருட்டு: 331, 305.

நொய்யல்கரை:
ரொம்பத் தெளிவாச்சுங்க. அப்ப நாளிதழ்ல ‘கொள்ளை’ன்னு போடறதுல பாதிக்கு மேல ராபரியே இல்லையா? இன்னொண்ணு, சங்கிலிப் பறிப்பை எதுல சேர்க்கறது?

மஞ்சள்மண்டி:
நாளிதழின் ‘கொள்ளை’ என்பது அளவைச் சொல்லும் சொல், முறையைச் சொல்லும் சொல் அல்ல. அரைப் பவுன் போனால் திருட்டு, ஐம்பது பவுன் போனால் கொள்ளை. சட்டம் பவுனை எண்ணுவதில்லை. பலவந்தம் இருந்ததா என்று மட்டும் கேட்கிறது. கத்தியைக் காட்டி நூறு ரூபாய் பிடுங்கினால் அது முழு ராபரி. யாருக்கும் தெரியாமல் ஒரு கோடி போனாலும் அது திருட்டு. தலைப்பை அப்படியே பெயர்க்காமல், செய்தியின் உள்ளே போய் ‘ஆள் இருந்தாரா, அஞ்சினாரா, அடிபட்டாரா’ என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் வினையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சங்கிலிப் பறிப்புக்கு முன்பு தனிப் பிரிவு கிடையாது. சூழலைப் பொறுத்து பழைய சட்டத்தின் 379 (திருட்டு) அல்லது 392 (ராபரி) போடுவார்கள். இப்போது 304 என்று தனிப் பிரிவே இருக்கிறது: திடீரென்றோ விரைவாகவோ பலவந்தமாகவோ பிடுங்கினால் ஸ்நாச்சிங், 3 ஆண்டு வரை. பறிக்கும்போது கீழே தள்ளிக் காயப்படுத்தினால் ராபரிக்குப் போகும். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே ஒழுங்குதான். வண்டியில் வந்தவன் இழுத்துக்கொண்டு போனால் ‘ஸ்நாச்டு ஹர் செயின்’. அரிவாளைக் காட்டிக் கழற்றச் சொன்னால் ‘ராப்டு ஹர் ஆஃப் ஹர் செயின்’. பேருந்து நெரிசலில் பர்ஸ் போனால் ராப் கிட்டவே வரக் கூடாது; அது ‘ஸ்டோலன்’ அல்லது ‘பிக்பாக்கெட்’.

சென்னிமலைத் தறி:
பாரியூரான் ஐயா, நீங்க போற போக்குல சொன்ன ‘ரோப்டு’ இருக்குதே, அது தற்செயலான எழுத்து ஒற்றுமை இல்லீங்க. ராப்பும் ரோப்பும் உடன்பிறப்புகள்.

ராப் ஆங்கிலத்துக்கு 1200-ஐ ஒட்டி வந்த சொல். 1066-ல நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிச்ச பிறகு பழைய பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமா நுழைஞ்சுது. அதுல ஒண்ணு ‘ரோபெர்’. ஆனா பிரெஞ்சுக்காரங்களுக்கும் அது சொந்தச் சொல் இல்ல, ஜெர்மானிய மக்கள்கிட்ட இருந்து வாங்கினது. வேர் ‘ரௌப்’, பறிச்செடுத்த பொருள். இன்னைக்கும் ஜெர்மன்ல ‘ரௌபென்’னா கொள்ளையடி. ஸ்பானிஷ்ல ‘ரோபார்’, இத்தாலியன்ல ‘ரூபாரே’ன்னு அதே வேர் தெற்கே வரைக்கும் போயிருக்குது.

அந்தக் காலத்துல போர்ல செத்தவன் மேலயோ வழியில மடக்கினவன் மேலயோ பறிக்க என்ன இருக்கும்? துணிதான். நெய்த துணி விலை உசந்த சொத்து. அதனால ‘பறிச்ச பொருள்’ங்கிற சொல்லே மெல்ல ‘உடை’ங்கிற பொருளுக்கு நகர்ந்துருச்சு. பழைய பிரெஞ்சுல ‘ரோப்’ முதல்ல கொள்ளைப் பொருள், பிறகு அங்கி. ஸ்பானிஷ்ல துணிமணிக்கு ‘ரோபா’ன்னே பேரு. பழைய ஆங்கிலத்துலயும் ‘ரேஆஃப்’னு ஒரே சொல் கொள்ளைக்கும் ஆடைக்கும் பொதுவா இருந்திருக்குது. ஊட்டுல துணி வெக்கற ‘வார்ட்ரோப்’ கூட இந்தக் குடும்பம்தான். துணியைக் காக்கிற இடம்.

தறி ஓடற ஊர்க்காரங்களுக்கு இதை நம்பறது கஷ்டமில்ல. ஒரு சேலைக்கு எத்தனை பேர் எத்தனை நாள் உழைப்புன்னு தெரிஞ்சவங்களுக்கு, துணி ஏன் கொள்ளைக்கு இன்னொரு பேராச்சுன்னு சொல்லாமயே விளங்கும்.

அதே வேர்ல இருந்து ஆங்கிலத்துக்கு நேரா, பிரெஞ்சு வழியா வராம, ‘ரீவ்’னு ஒரு வினை இருந்துச்சு. அது வழக்கொழிஞ்சு போச்சு, ஆனா ‘பிரீவ்’ மட்டும் உயிரோட இருக்குது: சாவு ஒருத்தரை நம்மகிட்ட இருந்து பறிச்சுட்டா நாம ‘பிரீவ்டு’. இதுக்கும் ஆஃப்தான் வரும், பாருங்க. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல எல்லைப்புறத்துல 17-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை மாடு ஓட்டிப் போனவங்களுக்கு ‘ரீவர்’னு பேரு. பகை நாட்டு ஆநிரையைக் கவர்ந்து வர்றதைப் பாடற நம்ம வெட்சித் திணை அப்படியே. கடற்கொள்ளைக்காரனைக் குறிச்ச ‘ரோவர்’ டச்சு மொழி வழியா வந்த இன்னொரு கிளை.

பூந்துறை:
சென்னிமலை அண்ணா, துணியைப் பறிச்சதுக்கு நம்ம பக்கத்துலயே பாட்டு இருக்குதுங்க. திருமுருகன்பூண்டி, அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவுல. சேரமான் பெருமாள்கிட்ட பரிசு வாங்கிட்டு வந்த சுந்தரரை அங்க வேடுவர் வழிமறிச்சுப் பறிச்சுட்டாங்க, வந்தது சிவனோட பூதகணங்கள்னு தலவரலாறு. சுந்தரர் அங்க பாடின பதிகத்தோட முதல் பாட்டுல ‘திடுகு மொட்டெனக் குத்திக் கூறைகொண்டு ஆறலைக்கும் இடம்’னு வருது. ‘திடுகு மொட்டு’ங்கிறது அதட்டி அஞ்ச வெக்கற ஒலி. அதட்டறது, குத்தறது, கூறையைப் பிடுங்கறது. கூறைன்னா துணி, கல்யாணத்துக் கூறைப்புடவையில இன்னும் அந்தச் சொல் இருக்குது.

மஞ்சள்மண்டி சொன்ன 309-ஆம் பிரிவுக்கு வேணுங்கிறது அத்தனையும் இந்த ஒரு அடியில இருக்குது: உடனடி அச்சம், காயம், அப்புறம் பொருள். இதைத் திருட்டுன்னு யாராச்சும் சொல்வாங்களா? சுந்தரரும் களவுங்கல, ‘ஆறலைத்தல்’ங்கிறார். ஆறுன்னா வழி, வழியில போறவங்களை வருத்திப் பறிக்கறது. ராப்புக்கு இதைவிட நெருக்கமான தமிழ் வினை எனக்குத் தெரிஞ்சு இல்ல. இன்னைக்கு நாம சொல்ற வழிப்பறி அதோட பேத்தி.

குறளும் இதைப் பிரிச்சே வெச்சிருக்குது. கள்ளாமை அதிகாரத்துல பேசறது ஒளிவுமறைவா எடுக்கறதை. கொடுங்கோன்மையில வர்ற 552-ஆம் குறள், ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’. வேலைக் கையில வெச்சுட்டு ‘குடு’ங்கறான். அவன் கை வெச்சு எடுக்கவே இல்ல, இவன்தான் எடுத்துக் குடுக்கறான், ஆனாலும் அது கொள்ளை. எக்ஸ்டார்ஷன் ராபரியா ஏறுற இடத்துக்கு இதைவிடச் சுருக்கமா உதாரணம் சொல்ல முடியாதுங்க.

ஸ்டீலுக்கும் நம்ம களவுக்கும் இன்னொரு பொருத்தம். ஸ்டீலும், மறைவுங்கிற ‘ஸ்டெல்த்’தும் ஒரே வேர். நமக்கும் களவுன்னா திருட்டு மட்டுமில்ல, ஊருக்குத் தெரியாத காதலும் களவுதான். ரெண்டு மொழியிலயும் திருட்டோட உயிர் மறைவு. கொள்ளைக்கு மறைவு வேண்டியதில்ல, அது முகத்துக்கு நேரா நடக்கறது.

பாரியூரான்:
பூந்துறை அம்மணி, அருமை. ‘திருட்டோட உயிர் மறைவு’ங்கிறதை அப்படியே எழுதி வெச்சுக்கலாம்.

நொய்யல்கரை கேட்ட ‘பர்கிள்’, அதாவது அத்துமீறி உள்ள நுழைஞ்சு திருடறது, பாக்கி இருக்குது. இது வயசுல ரொம்பச் சின்ன வினை. ‘பர்க்ளர்’ங்கிற பெயர்ச்சொல் சட்ட மொழியில நூற்றாண்டுக் கணக்கா இருந்துச்சு, அதோட வாலை வெட்டி வினையாக்கினது 19-ஆம் நூற்றாண்டுல. அமெரிக்காவுல அதையே ‘பர்க்ளரைஸ்’னு நீட்டினாங்க. பிரிட்டிஷ் வாசகருக்கு பர்கிள், அமெரிக்க வாசகருக்கு பர்க்ளரைஸ். ஒரே கட்டுரையில ரெண்டையும் கலக்காதீங்க. இதுக்கும் செயப்படுபொருள் வீடு, கடை, குடோன். நகை வராது.

பழைய ஆங்கிலேயப் பொதுச் சட்டத்துல ராத்திரி, குடியிருக்கற வீடு, உடைச்சு நுழையறது, உள்ள பெருங்குற்றம் பண்ற எண்ணம், எல்லாம் சேர்ந்தாத்தான் பர்க்ளரி. 1968-ஆம் வருசத் திருட்டுச் சட்டம் ராத்திரிங்கிற நிபந்தனையையே எடுத்துருச்சு. அத்துமீறி நுழையறதுதான் இப்ப அடிப்படை.

மஞ்சள்மண்டி:
நம் சட்டத்தில் பர்க்ளரி என்ற சொல்லே குற்றப் பெயராக இல்லை, ஹவுஸ் பிரேக்கிங்தான். பழைய 445-ஆம் பிரிவு தரும் முதல் எடுத்துக்காட்டு என்ன தெரியுமா? ஒருவன் வீட்டுச் சுவரில் துளை போட்டு, அதன் வழியே கையை உள்ளே விடுகிறான். நம் ஊர் கன்னம் வைத்தல் அப்படியே. ஆகவே பர்கிளுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் ‘கன்னமிடு’ என்ற பழைய சொல்லை நினைவில் வைக்கலாம். இன்றைய செய்திக்கு ‘பூட்டை உடைத்துத் திருடினர்’ என்பதே போதும், தெளிவும்கூட.

காப்பீட்டில் இந்தச் சொல் பணமாகவே மாறும். பர்க்ளரி பாலிசிகள் பெரும்பாலும் ‘பலவந்தமாக உள்ளே நுழைந்தோ வெளியேறியோ நடந்த திருட்டு’ என்று வரையறுத்திருக்கும். 2004-ல் உச்ச நீதிமன்றமும், அப்படி வரையறுத்த பாலிசியில் பலவந்தம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கிடையாது, பாலிசியின் சொற்களை உள்ளபடியே படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. குடோனில் மஞ்சள் மூட்டை போனதென்று ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது ‘ராப்டு’ என்று உணர்ச்சியில் எழுதாதீர்கள். பூட்டு அறுக்கப்பட்டதா, தகரம் பெயர்க்கப்பட்டதா, எந்தப் பக்கம், எப்போது கடைசியாகப் பூட்டினார்கள், எப்போது பார்த்தார்கள் என்பதை எழுதுங்கள். கடிதத்தில் ஒரு வினையும் புகாரில் இன்னொரு வினையும் இருந்தால் கேள்வி அங்கேதான் முளைக்கும்.

சென்னிமலைத் தறி:
ஒரு மாற்றுக் கருத்துங்க. ‘ராப்புக்குப் பொருள் செயப்படுபொருளா வரவே வராது’ன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. முந்தைய நூற்றாண்டுகள்ல ஆங்கிலத்துல அப்படி ஆட்சி உண்டு. இன்னைக்கும் பிரிட்டன், அயர்லாந்துப் பேச்சுவழக்குல ‘சம்படி ராப்டு மை பைக்’னு சொல்றது சகஜம். ‘மை ஹவுஸ் வாஸ் ராப்டு’ன்னு, ஆளில்லாத வீட்டுக்கும் சாதாரணமாச் சொல்றாங்க. பறிகொடுத்தவருக்கு வலி ஒண்ணுதானே.

பாரியூரான்:
ஒத்துக்கறேனுங்க. ‘வராது’ன்னு சொன்னதை ‘எழுத்து வழக்குல தப்பாக் கொள்ளப்படும்’னு திருத்திக்கலாம். கதையில ஒரு பாத்திரம் பேசறப்ப ‘ராப்டு மை பைக்’ அழகாவே இருக்கும். தேர்வுத்தாள், செய்தி, மனு, காப்பீட்டுக் கடிதம் இதுல எழுதக் கூடாது. ‘ஹவுஸ் வாஸ் ராப்டு’ செய்தியில ஓரளவு தாங்கும், சட்டக் காகிதத்துல தாங்காது.

பூந்துறை:
உருவக வழக்கையும் சொல்லிருங்க. ‘தி நாய்ஸ் ராப்டு மீ ஆஃப் ஸ்லீப்’னு தூக்கம், மானம், வாய்ப்பு எதை வேணும்னாலும் பறிக்கலாம். இங்க ‘சத்தம் என் தூக்கத்தைக் கொள்ளையடித்தது’ன்னு பெயர்த்தா காது ஏத்துக்காது. ‘தூக்கத்தைக் கெடுத்தது’, ‘பறித்தது’ன்னே எழுதணும். தமிழ்ல கொள்ளைக்கு மிகுதின்னும் பொருள் இருக்கறதால ‘மனசைக் கொள்ளையடித்தது’ பாராட்டா ஆயிருது. கொள்ளை அழகு, கொள்ளை நோய் ரெண்டுலயும் இருக்கறது அள்ளிக்கிற ‘கொள்’தான்.

‘டேலைட் ராபரி’க்கு நம்ம ‘பகல் கொள்ளை’ அச்சாப் பொருந்தும், அநியாய விலைன்னு ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் சொல்றோம். ‘ராப் பீட்டர் டு பே பால்’க்கு ‘கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கறது’ன்னு சிலர் போடறாங்க. அது பொருந்தாதுங்க. பழமொழி சொல்றது, அடுத்தவன் பொருள்ல புண்ணியம் தேடறதை. ஆங்கிலம் சொல்றது, ஒரு கடனை அடைக்க இன்னொரு இடத்துல பள்ளம் பறிக்கறதை. ‘இங்கே வாங்கி அங்கே அடைப்பது’ன்னு நேரா எழுதறதே நல்லது.

நொய்யல்கரை:
எல்லாத்தையும் வெச்சு எழுதிப் பார்த்தேன், சரியான்னு சொல்லுங்க. ‘எ ஃபார்ம்ஹவுஸ் நியர் காங்கயம் வாஸ் பர்கிள்டு வைல் தி ஃபேமிலி வாஸ் அவே. தி இன்ட்ரூடர்ஸ் ஃபோர்ஸ்டு தி லாக் அண்ட் ஸ்டோல் ட்வெல்வ் சாவரின்ஸ் ஆஃப் கோல்டு.’

இன்னொரு செய்தி: ‘பல்லடம் சாலையில் கத்தியைக் காட்டி லாரி டிரைவரிடம் 8,000 ரூபாய் வழிப்பறி.’ இதுக்கு: ‘எ லாரி டிரைவர் வாஸ் ராப்டு ஆஃப் எய்ட் தவுசண்ட் ருபீஸ் அட் நைஃப்பாயிண்ட் ஆன் தி பல்லடம் ரோடு.’

பாரியூரான்:
ரெண்டாவது அப்படியே அச்சுக்குக் குடுக்கலாமுங்க. முதல்லதுல வினையெல்லாம் சரி. ‘சாவரின்’ மட்டும் நம்ம பக்கத்து வாசகருக்குத்தான் விளங்கும். பவுன் 8 கிராம், அதனால வெளியூர்ப் பத்திரிகைக்கு அனுப்பறதா இருந்தா 96 கிராம்னு மாத்திருங்க.